உப்பங்கழியில் மீன் வளர்த்தலும் அதன் நிலைபேறும்

(புதுப்பட்டினத்தில் கூடிய நம் சங்கக் கூட்டத்தில் தமிழாசிரியர் ஒருவர் ஆற்றிய சொற்பொழிவு)



இன்று யான் பேசப் புகுந்த பொருள் உவர்நீர் மீன்வளர்ப்பு என்பதாம். தமிழ் கற்பிக்கும் ஆசிரியனுக்கு மீன் பண்ணையில் என்ன வேலை என்று உங்களுட் சிலர் கருதலாம். நம் சங்கத்தாருள் ஒரு சாரார், சங்கச் சேமிப்பில் ஒரு பகுதியைக் கொண்டு கழிக்கரையில் பண்ணை தொடங்கவேண்டும் என்கின்றனர். மற்றொரு சாரார், நாமே தொடங்குதல் வேண்டா, ஊர்ப் பொதுநிலத்தைப் பண்ணைக்காரர்க்குக் குத்தகைக்கு விட்டு வருவாய் பெறுவோம் என்கின்றனர். இரண்டும் வேண்டா என்பாரும் உளர். இப்பொருள் பற்றிய நூல்களையும், அரசாங்க நெறிமுறைகளையும், நீதிமன்றத் தீர்ப்பினையும் படித்து, முடிவு செய்வதற்கு முன் உறுப்பினர்க்கு எடுத்துரைக்குமாறு நிருவாகிகள் பணித்தனர். அப்பணியையே ஈண்டு மேற்கொண்டேன்.

வள்ளுவப் பெருந்தகையார் தெரிந்து செயல்வகை என ஓர் அதிகாரமே வகுத்தார். ஒரு வினையில் அழிவது எது, ஆவது எது, பின்பு விளைவது எது என்னும் மூன்றனையும் எண்ணிப் பார்த்த பின்னரே அதனுட் புகுதல் வேண்டும் என்பது அதன் கருத்து. இந்நாளில் நிலைபேறு என்று அறிஞர் பேசுவதும் இதுவே. ஓராண்டு இலாபம் தருவது வேறு; நம் மக்களும் அவர்தம் மக்களும் அதே நிலத்தில் அதே தொழிலைச் செய்ய இயலுவது வேறு. பின்னதையே நிலைபேறு என்கின்றோம்.

முதற்கண் உவர்நீர் என்பது யாது எனக் காண்போம். கடல்நீர் ஒரு லிட்டரில் ஏறத்தாழ 35 கிராம் உப்பு உண்டு. ஆற்றுநீரில் அஃது இல்லை என்றே கூறலாம். இவ்விரண்டும் கலக்கும் கழிகளிலும் முகத்துவாரங்களிலும் உள்ள நீரே உவர்நீர். இஃது ஒரு நிலையில் நில்லாது. ஐப்பசி கார்த்திகையில் வெள்ளம் வந்தால் நன்னீரை ஒக்கும். சித்திரை வைகாசியில் வற்றினால் கடல்நீரினும் கைக்கும். இம்மாற்றத்தைத் தாங்கி வாழும் மீன்களே கொடுவா, மடவை, பால்கெண்டை முதலியன. இறாலும் சேற்று நண்டும் இவ்வினத்தைச் சார்ந்தனவே. நெய்தல் நிலத்தாராகிய நமக்கு இவற்றை அறிமுகம் செய்யவேண்டுவதில்லை.

கழியில் மீன் வளர்த்தல் புதுத்தொழில் அன்று. கேரளத்தில் பொக்காளி என்னும் வயல்கள் உள்ளன. மழைக்காலத்தில் அங்கே நெல் விளையும். அறுவடைக்குப் பின் உவர்நீர் புகுந்தவுடன் அவ்வயலிலேயே இறால் விளையும். நெல்லின் தாள் இறாலுக்கு உணவு. இறாலின் கழிவு நெல்லுக்கு உரம். வங்காளத்தில் பேரி எனப்படும் பெருங்குளங்களும், சாவகத் தீவில் தம்பாக் எனப்படும் பால்கெண்டைக் குளங்களும் தலைமுறை தலைமுறையாக நின்று வருகின்றன. இவை அழியாது நிற்பதற்குக் காரணம் என்னை? வேலியேற்றம் கொண்டுவந்த குஞ்சினையும் உணவினையும் கொண்டே வளர்த்தனர். நிலம் தாங்கும் அளவிற்கு மேல் அதனிடம் கேட்டிலர். ஆதலின் விளைவு சிறிதாயினும் நீடித்தது.

நிற்க. நம் நாட்டில் இத்தொழில் பெருவாணிகமாக மாறியது 1990-ஆம் ஆண்டினை ஒட்டிய காலத்தில். வெளிநாட்டார் இறாலுக்கு மிக்க விலை கொடுத்தமையால், ஆந்திர நாட்டிலும், நம் நாகப்பட்டினப் பகுதியிலும், பிற கடற்கரைகளிலும் நிறுவனங்கள் நிலம் வாங்கிக் குளம் வெட்டின. நெல் விளைந்த நிலம் இறாற்குளம் ஆயிற்று. குளத்தின் உவர் அயல் வயலிலும் குடிநீர்க் கிணற்றிலும் ஊறியது. உழுதொழிலாளர் வேலை இழந்தனர். மீனவர் கடற்கரைக்குச் செல்லும் வழி அடைபட்டது. சர்வோதயத் தலைவர் எஸ். ஜெகந்நாதன் அவர்கள் காந்தியடிகள் வழியில் நின்று இதனை எதிர்த்துப் போராடியதோடு உச்ச நீதிமன்றத்திலும் முறையிட்டார். 1996-ஆம் ஆண்டு டிசம்பர் 11-ஆம் நாள் நீதிபதி குல்தீப் சிங் அவர்களும் நீதிபதி சகீர் அகமது அவர்களும் தீர்ப்பு வழங்கினர். கடற்கரை ஒழுங்குமுறை எல்லைக்குள் பழைய முறைப் பண்ணைகளும் அவற்றைத் திருத்தியமைத்த பண்ணைகளும் அன்றிப் பிற இறாற்பண்ணைகள் கூடா என்றும், விளைநிலம், உப்பளம், அலையாத்திக் காடு, ஊர்ப் பொதுநிலம் ஆகியவற்றைக் குளமாக மாற்றலாகாது என்றும், கேடு செய்தவரே அதற்கு ஈடு செய்தல் வேண்டும் என்றும் அத்தீர்ப்பு கூறிற்று. இத்தொழிலால் நாட்டிற்கு விளைந்த கேடு அதன் வருவாயினும் மிக்கது என்னும் ஆராய்ச்சியாளர் கணக்கையும் நீதிமன்றம் எடுத்துக்கொண்டது.

அதன் பின்னர் 2005-ஆம் ஆண்டில் பாராளுமன்றம் கடலோர நீர்வாழ் உயிரின வளர்ப்பு ஆணையச் சட்டத்தை இயற்றியது. அவ்வாணையத்தின் தலைமையிடம் சென்னையே. கடலோரப் பண்ணைகள் பதிவு பெற்றே நடைபெறல் வேண்டும் என்பது இச்சட்டத்தின் சாரம். விண்ணப்பங்களை மாவட்ட ஆட்சியர் தலைமையில் அமைந்த குழு ஆராயும் முறையும் ஏற்பட்டது. சட்டத்தை ஒட்டி வகுத்த நெறிமுறைகளில் நாம் நினைவிற் கொள்ளத்தக்கவை சில உண்டு. 500 மக்களுக்கு மேற்பட்ட ஊருக்கு 300 மீட்டர்க்குள்ளும், குடிநீர் நிலைக்கு 100 மீட்டர்க்குள்ளும் பண்ணை கூடாது. பெரு நகரங்களுக்கும் மாமல்லபுரம் போன்ற தொன்மைச் சிறப்புள்ள இடங்களுக்கும் ஏறத்தாழ 2 கிலோமீட்டர் இடைவெளி வேண்டும். 2023-ஆம் ஆண்டில் இச்சட்டம் திருத்தப்பெற்றுக் கூண்டு முறை, கடற்பாசி வளர்ப்பு முதலியனவும் அதன் எல்லைக்குள் வந்தன. பதிவின்றி நடத்துவோர்க்கு முன்பு இருந்த சிறைத்தண்டனை நீங்கி, அபராதம் விதிக்கும் முறை ஏற்பட்டது. சிறை நீங்கியது என்பதனாற் பதிவு வேண்டா என்று எவரும் பொருள் கொள்ளற்க.

இனி, ஒரு பண்ணை நிலைக்குமா நிலையாதா என்று அளந்தறிதற்குரிய உரைகல் யாவை? யான் படித்தவற்றைத் தொகுத்து ஆறு வினாக்களாக வகுத்துள்ளேன். அவை நிலம், நீர், குஞ்சு, தீவனம், நோய், ஊர் என்பன.

முதலாவது நிலம். குளம் வெட்டும் நிலம் முன்பு என்னவாக இருந்தது என்று கேட்டல் வேண்டும். நெல் விளைந்த நிலமாயின் அதனைத் தொடலாகாது. உவரூறிய வயலை மீட்டல் எளிதன்று. அலையாத்தி மரம் நின்ற இடமாயின் அதனினும் கேடு. அம்மரத்தின் வேரிடையே தான் இறாற்குஞ்சும் மீன்குஞ்சும் ஒதுங்கி வளர்ந்து பின் கடல் சேர்கின்றன. அதனை வெட்டிக் குளம் செய்தல், ஆயிரம் பேர் உண்ட அன்ன சத்திரத்தை இடித்து ஒருவன் வீடு கட்டுதல் போலாம். மேலும், நம் கடற்கரை புயலின் வழியில் உள்ளது. 2004 டிசம்பர் 26-இல் வந்த ஆழிப்பேரலையை இவ்வூரில் மறந்தவர் இலர். 2022 டிசம்பரில் மாண்டஸ் புயல் மாமல்லபுரத்தின் அருகிலேயே கரை கடந்தது. கரை உடைந்தால் ஓர் இரவில் மீன் அனைத்தும் கழிக்குப் போய்விடும். கடன் மட்டும் வீட்டில் நிற்கும்.

இரண்டாவது நீர். நமக்கு மேற்கே பக்கிங்காம் கால்வாய் ஓடுகின்றது. தெற்கே பாலாற்று முகத்துவாரம் உள்ளது. இவை வற்றாத நீர்நிலைகள் என்று கருதிப் பண்ணைக் கணக்குப் போடுவோர் உளர். பாலாற்றில் வெள்ளம் மழைக்காலத்தில் சில நாட்களே வருவது. மற்றைய காலத்தில் மணல் மேடு முகத்துவாரத்தை அடைத்து நிற்கும். அடைபட்ட கழியில் கடல்நீர் வந்து போகாது. அக்காலத்தில் பண்ணைகள் தம் கழிவுநீரைக் கழியில் விட்டு, அதே கழியிலிருந்து புதுநீர் இறைக்குமாயின், ஒருவர் குளத்து அழுக்கை மற்றொருவர் குளத்துக்கு மாற்றுவதே அன்றி வேறென்ன? குளத்து நீரில் கரைந்த பிராணவாயு லிட்டருக்கு 5 மில்லிகிராம் இருத்தல் நன்று. 3-க்குக் கீழே இறங்கினால் உயிர்கள் தளரும். விடியற்காலையிலேயே இது மிகக் குறையும். ஆதலால் ஏரேட்டர் எனப்படும் காற்றூட்டும் சக்கரம் இரவெல்லாம் சுழலவேண்டும். மின்சாரம் ஓரிரவு நின்றால் முதல் போயிற்று. கோடையில் உப்பு மிகும்போது நிலத்தடி நன்னீரை இறைத்துக் கலப்பது முன்னாளைய பண்ணைகள் செய்த பெரும்பிழை. மணற்பாங்கான நம் ஊர்களில் குடிநீர் என்பது உவர்நீரின் மேல் மிதக்கும் மெல்லிய நன்னீர்ப் படலமே. அதனை இறைத்துவிட்டால் அடியிலுள்ள உவர் மேலே ஏறிவிடும்.

மூன்றாவது குஞ்சு. கழியில் வலைகொண்டு இயற்கைக் குஞ்சினைப் பிடித்துக் குளத்தில் இடுதல் மலிவானது. ஆயினும், வேண்டிய ஒரு குஞ்சினை எடுத்துக்கொண்டு வேண்டாத பல குஞ்சுகளைக் கரையில் எறிந்து சாகவிடும் வழக்கம் சுந்தரவனப் பகுதியில் பெருங்கேடு விளைத்தது. நாளைக்குக் கடலில் நம் வலையில் விழவேண்டிய மீனே அக்குஞ்சு. பொரிப்பகத்திற் பிறந்த குஞ்சே தக்கது. இதற்கு நமக்கு அண்மையிலேயே ஒரு நல்வாய்ப்பு உண்டு. 1987-ஆம் ஆண்டில் சென்னையைத் தலைமையிடமாகக் கொண்டு நிறுவப்பெற்ற மத்திய உவர்நீர் மீன்வளர்ப்பு ஆராய்ச்சி நிறுவனத்தின் சோதனை நிலையம் முட்டுக்காட்டில் உள்ளது. அந்நிறுவனத்தார் 1997-இல் கொடுவா மீனைக் காப்பிடத்திலேயே இனப்பெருக்கம் செய்வித்துக் குஞ்சு பொரிக்கச் செய்தனர். 2015-இல் பால்கெண்டையிலும் அவ்வாறே வெற்றி கண்டனர். இந்தியாவில் இவை முதல் வெற்றிகள். கொடுவா முதலில் ஆணாயிருந்து சில ஆண்டுகள் கழித்துப் பெண்ணாக மாறும் இயல்பினது. அத்தகைய மீனைத் தொட்டியில் முட்டையிடச் செய்தல் எளிய செயலன்று.

நான்காவது தீவனம். இதுவே கணக்கின் உயிர்நாடி. ஆயினும் பலர் இதனை நோக்குவதில்லை. கொடுவா மீன் மீனைத் தின்று வளர்வது. கழிமீனைக் கொடுத்து வளர்த்தால், ஒரு கிலோ கொடுவாவிற்கு ஐந்து கிலோவும் அதற்கு மேலும் சிறுமீன் செலவாகும். ஐந்து கிலோ மீனைக் கடலிலிருந்து எடுத்து ஒரு கிலோ மீன் ஆக்குவதை வளர்ப்பு என்பதா, தேய்ப்பு என்பதா? நம் சிறுதொழில் மீனவர் பிடிக்கும் மத்தியும் காரற்பொடியும் ஏழையின் உணவு என்பதையும் எண்ணுங்கள். உருண்டைத் தீவனம் கொடுத்தால் இவ்வளவு வேண்டியதில்லை. ஆனால் அதன் விலை மிகுதி. மடவையும் பால்கெண்டையும் அவ்வாறல்ல. குளத்தடியில் படரும் பாசியையும் மக்கிய பொருளையும் மேய்ந்தே பெரும்பகுதி வளர்வன. விலை கொடுவாவினும் குறைவே. ஆயினும் செலவும் குறைவு, கழிவும் குறைவு.

இறாலின் கணக்கையும் ஒருவாறு பார்ப்போம். வன்னாமை இறாலைச் சதுர மீட்டருக்கு 60-க்கு மேல் இடலாகாது என்பது நெறிமுறை. அவ்வளவும் இட்டால் ஒரு ஹெக்டேருக்கு ஆறு இலட்சம் குஞ்சு. பத்தில் எட்டுப் பங்கு பிழைத்து, ஒவ்வொன்றும் 20 கிராம் ஆனால் விளைவு 9,600 கிலோ. கிலோவிற்கு ஒன்றரைக் கிலோ தீவனம் என்றால் 14,400 கிலோ தீவனம் நான்கு மாதத்திற்குள் அக்குளத்தில் கொட்டப்படும். அதிலுள்ள தழைச்சத்தில் இறாலின் உடலிற் சேர்வது ஏறத்தாழ நான்கில் ஒரு பங்கு முதல் மூன்றில் ஒரு பங்கே. எஞ்சியது எங்கே போகும்? குளத்தடிச் சேற்றிலும், பின்பு கழியிலுமே போகும். பத்துக் குளத்திற்கு இதனைப் பெருக்கிப் பாருங்கள்.

ஐந்தாவது நோய். 1987, 1988-ஆம் ஆண்டுகளில் தைவான் நாட்டின் இறால் தொழில் நோயினாற் சரிந்தது. அதனைக் கண்டும் பிற நாடுகள் அதே வழியிற் சென்றன. 1994-க்குப் பின் வெண்புள்ளி நோய் நம் நாட்டுப் பண்ணைகளைத் தாக்கியது. இந்நோய் புகுந்தால் சில நாட்களில் குளம் முழுவதும் மடியும். தீர்க்கும் மருந்து இல்லை. நண்டு, நீர், பறவை, வலை ஆகியவற்றின் வழியாக ஒரு குளத்திலிருந்து மறு குளத்திற்குப் பரவும். 2009-இல் அயல்நாட்டு வன்னாமை இறாலுக்கு அரசாங்கம் அனுமதி தந்தபோது, நோயற்ற தாய் இறாலை மட்டுமே வரவழைத்துச் சென்னை நீலாங்கரையில் தனிமைப்படுத்திச் சோதிக்கும் ஏற்பாடும் செய்தது. ஆயினும் தாய் தூயதானால் மட்டும் போதாது. குளமும் அயற்குளமும் தூயனவாதல் வேண்டும். நோய்க்கு அஞ்சி எதிருயிர்க் கொல்லி மருந்துகளைக் கொட்டுவோரும் உளர். அம்மருந்தின் எச்சம் காணப்பட்டால் அயல்நாட்டார் சரக்கையே திருப்பி அனுப்பிவிடுவர்.

ஆறாவது ஊர். இதனைக் கடைசியில் வைத்தேனாயினும் இதுவே தலையாயது. ஒரு ஹெக்டேர் நெல்வயலில் நடவுக்கும் அறுவடைக்கும் பலர் கூலி பெறுவர். அதே அளவு இறாற்குளத்திற்குக் காவலரும் தீவனம் இடுவாருமாகச் சிலரே போதும். கழியில் கையால் தடவி இறாலும் நண்டும் எடுத்து அன்றாடம் உலை வைக்கும் பெண்டிர் நம் இனத்திலும் உளர். இருளர் குடிகளிலும் உளர். அவர்களுக்குக் கழி என்பது வேலியில்லாத வயல். அதற்கு முள்வேலி இட்டுவிட்டால் அவர்கள் எங்கே செல்வர்? சங்கத்திற்கு வரும் குத்தகைப் பணம் கணக்குப் புத்தகத்தில் ஏறும். அப்பெண்டிர் இழந்த வருவாய் எந்தக் கணக்கிலும் ஏறாது. ஏறாத கணக்கையும் எண்ணிப் பார்ப்பதே சங்கத்தின் கடன்.

இவ்வளவும் கேட்டபின், மீன் வளர்ப்பே வேண்டா என்று யான் கூறுவதாக எண்ணவேண்டா. கடலில் மீன் குறைந்து வருதலை நீங்கள் அறிவீர்கள். கீழைக் கடற்கரையில் விசைப்படகுகளுக்கு ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை 61 நாள் தடை உண்டு. அந்நாட்களிலும், புயலால் கடலுக்குப் போகாத நாட்களிலும், வீட்டில் ஏதேனும் ஒரு வருவாய் வேண்டும். கடலை மட்டுமே நம்பிய குடிக்குக் கழி ஒரு துணையாதல் நன்றே. துணை என்பது முதலை விழுங்காதிருத்தல் வேண்டும், அவ்வளவே.

ஆதலின் சங்கத்தார் ஆய்ந்து முடிவு செய்தற்கு என் கருத்துக்களைப் பணிவுடன் வைக்கின்றேன். ஊர்ப் பொதுநிலத்தை இறாற்பண்ணைக்குக் குத்தகை விடுதல் கூடாது. நீதிமன்றம் விலக்கிய செயல் அது. நம் பெண்டிர் வயிற்றில் அடிக்கும் செயலும் அதுவே. சங்கச் சேமிப்பைக் கொண்டு அடர்ந்த இறால் வளர்ப்பில் இறங்குதலும் தக்கதன்று. அது பொருள் மிக்கவர் ஓராண்டு இழந்து மறு ஆண்டு ஈட்டும் தொழில். நம் சேமிப்போ தாய்மார் நாள்தோறும் கூடையிற் சுமந்து விற்ற மீனின் எச்சம். ஒருமுறை இழந்தால் மறுமுறை வாராது.

செய்யத்தக்கது ஒன்று உண்டு. நெல்லும் மரமும் இல்லாத, ஊரினின்றும் கிணற்றினின்றும் விலகிய, முன்னரே உவராகிக் கிடக்கும் தனியார் கரம்பு நிலத்தில் ஒரு சிறு குளத்தைப் பதிவு பெற்றுத் தொடங்கலாம். அதில் மடவையும் பால்கெண்டையும் இடலாம். குஞ்சினைப் பொரிப்பகத்திலிருந்தே பெறல் வேண்டும். முட்டுக்காட்டு நிலையத்தாரை அணுகி நம் இளைஞர் நால்வர் முறையாகப் பயிலட்டும். கழிவுநீரை நேரே கழியில் விடாது, ஒரு தேக்கத்தில் நிறுத்தித் தெளிவித்து விடல் வேண்டும். கரையைச் சுற்றிலும் அலையாத்தி நடலாம். வடகிழக்குப் பருவம் தொடங்குமுன் மீனைப் பிடித்து முடித்துவிட்டுக் குளத்தைக் காயவிடல் வேண்டும். புயலுக்கும் தப்பலாம், நோய்க்கிருமியும் வெயிலில் மடியும். நிலத்திற்கு ஓய்வு கொடுத்தல் உழவர் அறிந்த முறையே. மீன் வளர்ப்போரும் அதனைக் கற்றல் வேண்டும்.

இவை எல்லாவற்றிற்கும் மேலாக, குளம் வெட்டுமுன் அண்டையிலுள்ள கிணறுகளின் நீரைச் சோதித்து உப்பின் அளவை எழுதி வைத்தல் வேண்டும். ஆண்டுதோறும் அச்சோதனையை மறுபடி செய்து, வரவு செலவோடு சேர்த்து இவ்விதழிலேயே வெளியிடல் வேண்டும். கிணற்று நீரில் உப்பு ஏறுகின்றது என்று கண்டால், இலாபம் எவ்வளவு வரினும் குளத்தை மூடிவிடுவோம் என்று தொடக்கத்திலேயே தீர்மானம் நிறைவேற்றுதல் வேண்டும். இலாபம் வந்தபின் அத்தீர்மானம் செய்ய எவருக்கும் மனம் வாராது.

நம் முன்னோர் கடலைத் தாய் என்றனர். கழியோ அத்தாய் குழந்தைக்கு ஊட்டும் கிண்ணம் போன்றது. கிண்ணம் சிறிது, விரைவில் அழுக்காகும், ஆயினும் நாமே கழுவித் தூய்மை செய்யும் அளவினது. அதனைத் தூயதாக வைத்திருக்கும் வரையில் நம் பிள்ளைகட்கும் அதில் உணவு இருக்கும். இதனை உளங்கொண்டு, அடுத்த கூட்டத்தில் வாக்கு அளிக்குமாறு உங்களை வேண்டுகின்றேன்.